தாம்பாளத்தில் அடங்கிய லெப்டொப்

என்னைக் கம்பியூட்டர் தெரிந்தவன் என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான்தான். தொண்ணூறுகளில் பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் கம்பியூட்டர் வகுப்பு நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே பூ வேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு ஒரே ஒரு கம்பியூட்டர் உட்கார்ந்திருக்கும். மாஸ்டர் கரும்பலகையில் கீபோர்டை வரைந்து காட்டுவார். நாங்கள் அதைப் பார்த்து ஆளுக்கொரு மட்டையில் வரைந்து, அந்த மட்டையின் மேல் விரல் வைத்துத் தட்டிப் பழகினோம். மவுஸை ஒரே ஒரு நாள் தொட்டுப் பார்க்க விட்டார்கள். கடைசியில் நடந்த எழுத்துப் பரீட்சையில் நான் முதலாவதாக வந்தேன். சான்றிதழுக்கு லெமினேட் போட்டு, தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். சாமிக்குக் காட்டும் சாம்பிராணி அதற்கும் சேர்த்தே கிடைத்தது.

பிறகு பதுளையிலேயே ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் அங்கேயும் கம்பியூட்டர் வந்துவிட்டது. அதில் வேலை பார்த்ததெல்லாம் பக்கத்து மேசை சிங்களப் பெண்தான். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டுவேன். ஆனால் தோட்டத்துக்குப் போகும்போது மட்டும் ஹார்ட் டிஸ்க், வைரஸ் என்று நாலு வார்த்தையை எடுத்துவிடுவேன். அதனால் லயத்தில் யார் வீட்டு ரேடியோ கெட்டுப்போனாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைரஸாக இருக்கும் என்று நான் சொன்னதும் உண்டு.

ஆகவே இரண்டாயிரத்துக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டு முடியப்போகும் சமயத்தில், சின்னச் சின்ன லெப்டொப்கள் மலிவாகக் கடைக்கு வரத் தொடங்கியபோது, அக்காவின் மகள் என்னைத் தேடி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அக்கா இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. அதோடு தொலைக்கல்வியில் ஒரு பட்டப் படிப்பும் படித்துக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறு பதுளைக்கு வகுப்புக்கு வருவாள். எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரைகளை டைப் பண்ண ஒரு கொமியூனிகேஷன் கடையில் காத்துக் கிடப்பாள். சில நாள் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பாள். அவளுக்குத்தான் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளை பசறையில் ஒரு கடையில் வேலை செய்தான். நல்ல பையன். ஆனால் வீடு நடப்பது அவன் அம்மா சொல்லில். பேச்சுக்கு வந்தபோது அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கல்யாணத்துக்கு அப்புறம் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன படிப்பு என்று கேட்டுவைத்தார். எல்லோரும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். அந்த அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

"சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல மாமா. அதான் பயமா இருக்கு" என்றாள் அக்கா மகள். "நீங்க சீர்ல நகை போட வேணாம். ஒரு சின்ன லெப்டொப் வைங்க. எல்லாரும் பாக்குற மாதிரி வைங்க."

அவள் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. தாய்மாமன் சீர் என்பது சும்மா பரிசு கொடுக்கும் காரியம் இல்லை. கோயிலடியிலிருந்து தப்பு மேளம் அடித்துக்கொண்டு, தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு, லயத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க வரும். அந்தத் தட்டில் வந்த பொருள் பெண்ணுக்கே சொந்தம். போகிற வீட்டில் அதை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் அது தாய்மாமனை அவமதித்த மாதிரி. தட்டில் லெப்டொப் போனால் அதன் பின்னாலேயே படிப்பும் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போய்விடும். பெண்ணின் மூளையை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய் என்று சொல்லி அனுப்பினேன். அவள் வேறு யாரிடமாவது போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மனைவி இரண்டு நிபந்தனை போட்டாள். சங்கிலிக்கு ஒதுக்கிவைத்த காசுக்குள் முடிய வேண்டும் என்பது ஒன்று. வாங்குகிற சாமான் எதுவானாலும் பித்தளைத் தாம்பாளத்துக்குள் அடங்க வேண்டும் என்பது மற்றது. தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சீர் மாதிரி இருக்காது, கடைக்குச் சாமான் தூக்கிப்போகிற மாதிரி இருக்கும் என்றாள். நானும் ஒரு வாரமாக ஞாயிறு பேப்பரில் வரும் கம்பியூட்டர் பக்கங்களைப் படித்து, எதுவுமே விளங்காமல் இருந்தேன். விளங்கிய ஒரே அளவு அந்தத் தாம்பாளம்தான். ஆகவே அதைப் பேப்பரில் சுற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

கடையில் டை கட்டிய ஓர் இளைஞன் நின்றான். என்ன பார்க்கிறீர்கள் என்று தமிழிலேயே கேட்டான். நான் பேசாமல் தாம்பாளத்தை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தேன். பழைய பித்தளை நாங்கள் வாங்குவதில்லை, கீழே ஆற்றுப் பக்கம் ஒரு கடை இருக்கிறது என்று அவன் மரியாதையாக வழி சொன்னான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. லெப்டொப் வாங்க வந்திருக்கிறேன், இதற்குள் அடங்கவேண்டும் என்றேன். அவன் தாம்பாளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெரிய மனது பண்ணி, எதற்கு, யார் பாவிக்கப் போகிறார்கள் என்று விசாரித்தான். சொன்னேன்.

படிக்கிற பிள்ளைக்கு என்றால் இதுதான் சரி என்று ஒன்றை எடுத்துக் காட்டினான். கொஞ்சம் பாவித்தது, பெரியது, விலையும் குறைவு. சீடி போடும் இடம் இருந்தது, பேட்டரியும் நல்லது என்றான். தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு மூலையும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தாம்பாளத்தில் அடங்கவில்லை என்று மறுபடி சொல்ல வெட்கமாக இருந்ததால், இது சூடாகும் என்று ஒரு காரணம் சொன்னேன். எப்படிச் சூடாகும் என்று கேட்டான். எனக்கு அனுபவம் இருக்கிறது என்றேன்.

அடுத்ததாக ஒரு சின்னதை எடுத்துவைத்தான். புத்தம் புதியது, பளபளவென்று நீல நிறம், தூக்கினால் பள்ளிக்கூடக் கொப்பியைத் தூக்கியது மாதிரி இருந்தது. தாம்பாளத்தில் வைத்தால் சுற்றிலும் வெற்றிலை அடுக்க இடம் இருந்தது. எனக்கு அங்கேயே மனம் நிறைந்துவிட்டது. ஆனால் இதில் சீடி போட முடியாது என்று அவன் எச்சரித்தான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. இந்தக் காலத்தில் யார் தம்பி சீடி போடுகிறார்கள் என்று கேட்டேன். பாட்டே சீடியில்தான் கேட்டுக்கொண்டிருந்த ஆள் நான். பேட்டரியும் கொஞ்ச நேரம்தான் நிற்கும், முதலில் நன்றாகச் சார்ஜ் பண்ணிவிட்டுப் போடுங்கள் என்றான். அதற்கும் தெரியும் தெரியும் என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் திறந்து பார்ப்போம் என்றாள் மனைவி. நான் விடவில்லை. சீர்ப் பொருளை நல்ல நேரத்துக்கு முன்னால் உறை பிரித்துப் பாவித்தால் அது பழைய சாமான் ஆகிவிடும் என்று சாத்திரம் பேசினேன். உண்மையில் எனக்குப் பயம். பிரித்தால் போட்டுக் காட்டச் சொல்வாள், எனக்கு எந்த பட்டனை அமுக்குவது என்று தெரியாது.

சீர் அன்று காலையில்தான் பெட்டியைப் பிரித்தோம். மனைவி லெப்டொப்பின் மூடியைத் திறந்து நிமிர்த்தித் தாம்பாளத்தில் வைத்து, சுற்றி வெற்றிலை அடுக்கி, செவ்வந்திச் சரம் சாத்தினாள். பிறகு எல்லாச் சாமானுக்கும் வைக்கிற மாதிரி அதன் நெற்றியிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். நெற்றியில் சரியாக நடுவில்தான் அதன் கெமரா இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்த மிஷினில் யார் படம் எடுத்தாலும் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரியே தெரிந்தார்கள்.

தப்புச் சத்தத்தோடு ஊர்வலம் போனது. பழத் தட்டு, சேலைத் தட்டு, தேங்காய்த் தட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் லெப்டொப் தட்டை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். லயத்து வாசல்களில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்கு நடை கொஞ்சம் மாறித்தான் போயிருந்தது, அக்காவே பிறகு சொல்லிச் சிரித்தாள். தட்டுகளைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், பாய் விரித்து வரிசையாக வைத்தோம். அக்கா மகள் லெப்டொப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு பரீட்சையும் எழுதலாம் என்று தோன்றியது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். படிப்பு எதற்கு என்று கேட்ட அதே பெரியவர், போட்டுக் காட்டுங்களேன் பார்ப்போம் என்றார். நான் குந்தி உட்கார்ந்து, பட்டன் மாதிரித் தெரிந்த ஒன்றை அமுக்கினேன். கருப்பாகவே இருந்தது. வேறொன்றை அமுக்கினேன். கூட்டம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது. மலைக் குளிருக்கு அது கொஞ்சம் சூடாக வேண்டும் என்றேன். கடையில் சூடாகும் என்று ஒரு லெப்டொப்பை ஒதுக்கியவனும் இதே நான்தான்.

மாப்பிள்ளையின் அம்மா இப்போது என் பக்கம் திரும்பினார்.

"இதுக்குக் கரண்ட் வேணுமாங்கண்ணே?"

அவமானத்திலிருந்து தப்பிக்க ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆமாம், கரண்ட் இல்லாததால்தான் வேலை செய்யவில்லை என்று சத்தமாகச் சொன்னேன்.

"எவ்வளவு நேரத்துக்கு வேணும்?"

மலிவுச் சாமானைத் தாய்மாமன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பதைப்பில், "நாள் முழுக்கப் போட்டு வைக்கணுங்க. அப்பதான் மிஷினுக்கு நல்லது" என்றேன். இது நல்ல சாமான், லேசில் கெடாது என்று சொல்ல நினைத்தது வாயில் அப்படி வந்துவிட்டது.

அந்த அம்மா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்தார். அக்கா மகளின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பந்தி முடிந்த பிறகு என்னை ஓரமாக இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் காம்பராவில், அதாவது அந்த லயத்து வீட்டில், பிளக் குத்துகிற இடம் ஒன்றுதான். அதில் டீவி ஓடுகிறது. பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற அந்த அம்மாவுக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு பின்னேரம் போடுகிற நாடகம். முன்னொரு காலத்தில் பக்கத்து லயத்தில் வயர் பற்றி எரிந்ததால், ஒரு பிளக்கில் ஒரு சாமான்தான், இழுவை வயர் போடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். இவளுக்கும் பள்ளிக்கூடம் விட்டு, வீட்டு வேலை முடிந்து, படிக்கக் கிடைப்பது அதே பின்னேரம்தான்.

"கொஞ்ச நேரம்னு சொல்லியிருந்தா நாடகத்துக்கு முன்னாடி பின்னாடி கேட்டு வாங்கியிருப்பேன் மாமா. நாள் முழுக்கன்னு சொல்லிட்டீங்களே" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கோபப்படவில்லை, அழுகையை அடக்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

போய்ச் சரிப்படுத்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசினால் கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்திருக்க வேண்டும். கல்யாணம் நடந்தது. அவள் மடுல்சீமைக்குப் போனாள். பெட்டியோடு லெப்டொப்பும் போனது.

கொஞ்ச நாளில் அக்கா மூலமாக ஒரு செய்தி வந்தது. அந்தப் படிப்புக்குப் பாடங்களெல்லாம் சீடியில்தான் தருகிறார்களாம், மாமா வாங்கித் தந்ததில் சீடி போட வழியில்லையாம், ஆனால் மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னாளாம். அக்கா ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டாள்.

மறுபடி அதே கடைக்குப் போனேன். சீடி போடுகிற பெட்டி தனியாக, வயரோடு விற்கிறார்களா என்று கேட்டேன். அந்த இளைஞன் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. எடுத்துக் கொடுத்தான், பில் போட்டான், மிச்சத்தைத் தந்தான். பிறகு மட்டும், "தட்டு கொண்டு வரலையாங்க?" என்று கேட்டான். அந்தப் பெட்டியையும் லெப்டொப்பையும் சேர்த்துவைத்தால் நான் ஒதுக்கிய பெரிய லெப்டொப்பைவிட இடம் அடைக்கும், விலையும் கூட. இதை மனைவியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் மடுல்சீமை பஸ்ஸில் ஏறினேன். குழியும் மேடுமான அந்தப் பாதை நெடுக, சம்பந்தியம்மாவிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். தாய்மாமன் சீருக்கு ஒரு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்று தொடங்கி, பெண் பிள்ளை படிப்பின் பெருமைக்குப் போய், நாடகம் பார்ப்பதன் தீமைகளில் முடிப்பதாகத் திட்டம். நல்ல பேச்சு. ஒரு வளைவில் வாய்விட்டே பேசிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் எழும்பிப்போய் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

லயத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காம்பராவுக்குள் நுழைந்தேன். சுவரோரத்தில் டீவி ஸ்டேண்ட் இருந்தது. அதன் மேல் டீவி இல்லை. நான் வாங்கிய நீல லெப்டொப் அதே இடத்தில், அதே பிளக்கில் குத்தி, பின்னல் துணி விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அக்கா மகள் முன்னால் ஸ்டூல் போட்டு என்னவோ டைப் பண்ணிக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டில் இல்லை.

டீவியை விற்றுவிட்டார்களா, சண்டையா, கோபித்துக்கொண்டு எங்காவது போய்விட்டாரா என்று அடுக்கிக்கொண்டே போனேன். தயார் பண்ணிய பேச்சில் பாதி அங்கேயே, தப்பான ஆளிடம் கொட்டிவிட்டது. அக்கா மகள் எழுந்து கதவைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசுங்கள் என்று கை காட்டினாள்.

"நான் வந்த அன்னைக்கே அத்தையே டீவியத் தூக்கிப் பக்கத்துக் காம்பராவுல குடுத்துட்டாங்க மாமா. பின்னேரமானா அங்க போய்த்தான் நாடகம் பாக்குறாங்க. வேணாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

யார் போய்ச் சொன்னார்களோ, அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வாங்கண்ணே என்றார். நேரே அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். நாடகம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, ஆள் வந்திருக்கிறது என்று சொன்னார்கள், வந்துவிட்டேன் என்றார். என் பார்வை டீவி இல்லாத இடத்துக்கே போய்ப் போய் வந்தது. அவரே ஸ்டேண்டைப் பார்த்துச் சொன்னார்.

"நாள் முழுக்கக் கரண்ட் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. இருக்கிறது ஒரு பிளக்கு. அவ படிப்பு நடுவுல நிக்கக் கூடாதில்ல."

பேச்சுக்கு வந்த அன்று அவர் வெற்றிலை மடித்ததையும், சீர் அன்று மடித்ததையும், அதை நான் எப்படியெல்லாம் விளங்கிக்கொண்டேன் என்பதையும் நினைத்து வெட்கமாக இருந்தது. அந்த அம்மா யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் சொந்தத்தில் அந்தப் பழக்கம் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாள் முழுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் குத்தினால் போதும், நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். கம்பியூட்டர் விஷயத்தில் எனக்குத் தெரியாது என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீவியைத் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள் என்றேன்.

அந்த அம்மா மடியைத் தடவி வெற்றிலையை எடுத்தார். நான் காத்திருந்தேன்.

"இருக்கட்டுங்கண்ணே. அவ பரீட்ச முடியட்டும். அங்கன்னா சேர்ந்து அழுவ ஆள் இருக்கு."

பக்கத்துக் காம்பராவில் விளம்பரம் முடிந்து நாடகம் மறுபடி தொடங்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே என் கோப்பையை வாங்கக் கை நீட்டினார்.

"நீங்க போய்ப் பாருங்க, முடிஞ்சிரப் போகுது" என்றேன்.

அந்த மிஷின் வந்ததிலிருந்து நான் சொன்னதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். அவர் போனார். நான் பையிலிருந்து சீடிப் பெட்டியை எடுத்து அக்கா மகளிடம் கொடுத்தேன், அவளே வயரைக் குத்தினாள்.